வெள்ளித் தாடை வாங்கப் போனேன்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. வெள்ளிக் கடைக்குப் போய் ஒரு தாடை வாங்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். வேண்டுதல்!

கண்ணில் கோளாறு வந்தால் வெள்ளியில் கண் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுகிறோம் இல்லையா? கால் என்றால் கால். எனக்குப் போனது இடது பக்கத் தாடை. உள்ளே ஒரு கட்டி சத்தமில்லாமல் இருந்துகொண்டு கரையான் மாதிரி எலும்பைத் தின்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, என் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டைச் செதுக்கி அங்கே வைத்து, ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் எங்கள் தெரு மாரியம்மனிடம் அழுதேன்.

"தாயே, தாடை ஒட்டிக்கிச்சுன்னா வெள்ளியிலே ஒரு தாடை போடறேன்."

ஒட்டிக்கொண்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வைத்திருந்த நாட்கள் எல்லாம் ராகிக் கஞ்சியும் மோரும் உறிஞ்சினேன். எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். "சர்வீஸ்ல கூட இவ்வளவு நிம்மதியா இருந்ததில்லை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். கம்பியை எடுத்ததும் நான் பேசிய முதல் பேச்சே அதற்கான பதில்தான்.

ஆக, தாடை தேவலை. ஆனால் இந்த இடுப்பு இருக்கிறதே!

டாக்டர் முன்பே சொன்னார். அவர் கன்னடக்காரர், தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார். "அம்மா, தாடே ஒரு மாசத்துல மறந்து போகும். எலும்பு கொடுத்த எடம்தான் ஞாபகம் வெச்சுக்கும்." நான் நம்பவில்லை. வியாதி ஓர் இடத்தில், வலி இன்னோர் இடத்தில் என்றால் யார்தான் நம்புவார்கள்?

தும்மினால் இடுப்பு. இருமினால் இடுப்பு. படுக்கையில் புரண்டால் இடுப்பு. தொடையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போய், எறும்பு கடித்தால் கூட அது யார் வீட்டுத் தொடையோ என்று இருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். நான் காபி கொண்டுவர எழுந்து நொண்டியதும் குழம்பிப் போவார்கள்.

"தாடையிலே ஆபரேஷன்னாங்களே, ஏன் நொண்டறீங்க?"

நான் கதையை முதலிலிருந்து சொல்வேன். எதிர் வீட்டம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இனிமே நீங்க இடுப்பெலும்பாலேதான் மெல்லணுமா?"

டாக்டர் மூன்று உத்தரவு போட்டிருந்தார். கனம் தூக்கக் கூடாது. ரெண்டு மாசம் தரையில் உட்காரக் கூடாது. வெளியே போனால் கைத்தடி வேண்டும்.

நான் அன்றைக்கு மூன்றில் இரண்டை மீறினேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் கலாவுக்கு ஏழாவது மாதம். தலைப்பிரசவம். அம்மா வீட்டில்தானே நடக்க வேண்டும்? அவளைக் கொடுத்திருப்பது கொள்ளேகாலில். எங்கள் வீட்டு ஆண்களோ, "நீயே நடக்க முடியாம இருக்கே, பிள்ளைத்தாச்சியை எப்படிப் பார்ப்பே? அங்கேயே ஆகட்டும்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் மகன் முரளி போனில் சம்பந்தியம்மாவிடம், "அம்மா படுத்த படுக்கை" என்றே சொல்லிவிட்டான். இவன் என் பிள்ளையா!

அன்று இரவே கலா போன் செய்தாள். "அம்மா, இவங்க எல்லாம் நல்லாத்தான் பார்த்துக்கறாங்க. ஆனா எனக்கு உன்கிட்டதாம்மா வரணும்." அவ்வளவுதான் சொன்னாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குச் சம்பந்தியம்மா நேரில் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. நான் யோசித்தேன். நாலு மணிக்கு அவர்கள் வரும்போது நான் நொண்டாமல் நடந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் அம்மனுக்குச் சொன்னதைக் கொடுத்துவிட்டால், அவளும் கொஞ்சம் கை கொடுப்பாள். நடந்து பழகின மாதிரியும் ஆச்சு, வேண்டுதலும் தீர்ந்தாச்சு!

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிளம்பினேன்.

"எங்கே?" என்றார் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"கோயில் விஷயமா."

பொய்யில்லை. விஷயம் கோயில் விஷயம்தான்.

"தடி எடுத்துக்கிட்டியா?"

"ம்."

வாயைத் திறக்காமல் சொன்னதைப் பொய்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தடியைக் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஆட்டோ ஏறினேன்.

எங்கள் விஜயநகரிலிருந்து வெள்ளிக் கடை இருக்கும் மண்டி மொஹல்லாவுக்கு எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது என்று கார்ப்பரேஷனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு "மாரியம்மா" சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பஜனைக்குப் போறீங்களாம்மா?" என்றார்.

வெள்ளிக் கடை எங்களுக்குப் பழக்கமான கடை. கலா கல்யாணத்துக்கு எல்லாம் அங்கேதான் எடுத்தோம். சம்பந்தி வீட்டுக்கும் அந்தக் கடையை நான்தான் சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பழைய மாதிரிக் கடை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் தரை முழுக்க வெள்ளை மெத்தை, மேலே லட்சுமி படம், மூலையில் இரும்புப் பெட்டி. கடைக்காரர் பெரியவர், மரியாதைக்காரர். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார்.

"பன்னி அம்மா, பன்னி! கூத்கொள்ளி!"

வாங்க, உட்காருங்க என்கிறார். எங்கே உட்காருவது? இருந்த ஒரே ஸ்டூலில் டேபிள் ஃபேன் உட்கார்ந்திருந்தது.

"பரவாயில்லை, நின்னுக்கறேன்" என்றேன்.

"சே சே! நீங்க நிந்துகிட்டு, நான் கூத்துகிட்டு எப்படி யாபாரம் பண்றது?" என்று அவரும் எழுந்து நின்றுகொண்டார். எழுபது வயசு மனுஷர். எனக்கு மனசு கேட்கவில்லை.

உட்கார்ந்தேன்.

பாதி வழி இறங்கும்போதே தெரிந்துவிட்டது, இது போகத்தான் ரோடு, திரும்ப இல்லை என்று. இடுப்பில் யாரோ அரிவாள்மனையைச் சொருகிய மாதிரி சுளீர்! பல்லைக் கடிக்கலாம் என்றால் அதற்கும் டாக்டர் அனுமதி இல்லை. கால் தானாக மடங்கிச் சம்மணம் போட்டுக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைக்காரர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"வேண்டுதலாம்மா? ஏன் பேக்கு, என்ன வேணும்?"

"தாடை."

தட்டைக் கொண்டுவந்து கொட்டினார். கண் இருக்கிறது, காது இருக்கிறது, கை, கால், வயிறு, தொட்டில், முழு ஆள் எல்லாம் தகட்டில் இருக்கிறது. தாடை இல்லை.

"முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். தாடே யாரும் கேட்டதில்லே. முகம் எடுத்துக்குங்க. அதுலேயே தாடேயும் சேர்ந்திருக்கு."

"ஐயோ வேண்டாங்க. நான் கேட்டது தாடை. முகத்தைப் போட்டா, மூக்குக்கும் நெத்திக்கும் எதுக்குன்னு அம்மன் யோசிக்க மாட்டாளா?"

அவர் யோசித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு முகத்தை மூக்குக்குக் கீழே நேராக வெட்டி, கீழ்ப் பாதியை என் கையில் வைத்தார்.

"அப்ப மேல் பாதி?"

"தலைவலிக்காரங்க யாராச்சும் வருவாங்க" என்றார்.

வேலை முடிந்தது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி.

எழுந்தேன். அதாவது மனசு எழுந்தது. உடம்பு அப்படியே இருந்தது. கையை ஊன்றி ஒரு தரம், தொடையைப் பிடித்து ஒரு தரம், சாமியைக் கும்பிட்டு ஒரு தரம். ம்ஹூம்!

"இன்னும் ஏதாவது காட்டட்டுமா?" என்றார்.

"காட்டுங்க, காட்டுங்க!"

குங்குமச் சிமிழ் பார்த்தேன். குத்துவிளக்கு பார்த்தேன். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, அரைஞாண், கொலுசு. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலி கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் ஒரே மூச்சில் எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல்.

"ஏனுங், கொலுசு இருக்குங்களா?"

கொள்ளேகால் குரல். என் சம்பந்தியம்மா! நாலு மணிக்கு வர வேண்டியவர்கள், காலை பஸ்ஸிலேயே வந்து வளைகாப்புக்கு வெள்ளி வாங்க, நான் சிபாரிசு செய்த கடைக்கே வந்து நிற்கிறார்கள். நல்ல ஆகிருதி, கையில் ஒரு கூடை மாம்பழம், முகத்தில் வியர்வை.

"அட, சம்மந்தியம்மாவா! நீங்க படுத்த படுக்கையா இருக்கறீங்கன்னு தம்பி சொன்னாப்லயேங்க?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம், சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் போன மாசம்! இப்பப் பாருங்க, சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன்!"

எழ முடியாமல் மாட்டிக்கொண்டதே எனக்குச் சாட்சியாக நின்றது. சம்பந்தியம்மா கண்ணை அகல விரித்துப் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா! அவ்வளவு பெரிய ஆப்ரேசன் பண்ணிட்டு, தரையில எப்படி உக்காந்திருக்கறீங்க பாருங்க!"

"பிரசவம் எல்லாம் நான் சுலபமாப் பார்த்துடுவேன், சம்பந்தியம்மா. கலாவை அனுப்பிடுங்க."

"அட, நீங்க எதுக்குங்க செரமப்படறீங்க? நானே பாத்துக்கறனுங்க. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடி அலமாரியை ஒரு கையால் பிடித்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கி, கடைசி ஒரு அடி உயரத்தைக் கடவுளிடம் விட்டுவிட்டு, தொப்பென்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தட்டில் இருந்த வெள்ளிக் காதுகள் எல்லாம் ஒரு தரம் குதித்தன.

அடுத்து நடந்ததுதான் விசேஷம்.

நான் அவர்கள் முதலில் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் கொலுசு பார்த்தார்கள். நான் மறுபடி சிமிழ் பார்த்தேன். அவர்கள் கிண்ணம் பார்த்தார்கள். நான் கிண்ணத்துக்கு மூடி பார்த்தேன். வெயிலைப் பற்றிப் பேசினோம். மாம்பழத்தைப் பற்றிப் பேசினோம். கலாவுக்கு மசக்கையில் என்ன பிடித்தது என்பதைப் பற்றி ரெண்டு தரம் பேசினோம்.

"உங்களுக்கு நேரமாகலீங்களா?"

"எனக்கென்ன நேரம்! நீங்க பஸ்ஸிலே வந்த களைப்பு, வீட்டுக்குப் போய்ப் படுங்களேன்?"

"நீங்க முதல்ல எந்திரிங்க, சேர்ந்தே போலாம்."

"சே, பெரியவங்க நீங்க முதல்ல."

"யாருங்க பெரியவங்க? உங்களுக்கு நான் ரெண்டு வயசு சின்னவ!"

மணி ஒன்று ஆகிவிட்டது. கடைக்காரர் கொட்டாவி விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மரியாதைக்காரர் அல்லவா, வாயால் போகச் சொல்ல மாட்டார். வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"அம்மா, ஊட்டா டைம். மறுபடி நாலு மணிக்குத்தான் தெறப்போம்."

சாப்பாட்டு நேரம்! நாலு மணி வரை இந்த மெத்தையிலா? மாரியம்மா, மகள் என் வீட்டுக்கு வராமல் போனாலும் பரவாயில்லை, என்னை எழுப்பிவிடு என்று சொல்லப் போனேன். அந்த வேண்டுதல் மட்டும் வாயிலிருந்து வரவே மாட்டேன் என்றது.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு.

"சம்மந்தியம்மா, ஒரு உண்மையைச் சொல்லட்டுங்களா? யாருகிட்டயும் சொல்லப்படாது."

"சொல்லுங்க."

"என்னால எந்திரிக்க முடியாதுங்க. முட்டி ரெண்டும் போயி வருசம் ஒண்ணாச்சு. வீட்டுல கட்டில், சேரு, திண்ணை, அவ்வளவுதான். தரையில உக்காந்ததே இல்லீங்க. நீங்க உக்காந்திருந்தீங்க பாருங்க, ரோசம் வந்துருச்சு."

"அப்புறம் ஏன் பிரசவம் பார்க்கறேன்னு சொன்னீங்க?"

"பின்ன? நீங்க படுத்த படுக்கைன்னாங்க. நானும் முடியாதுன்னா அந்தப் புள்ள எங்கீங்க போகும்? பயந்துக்காதா?"

அவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நானும் எழுந்துக்க முடியாமத்தாங்க உக்காந்திருக்கேன். பதினொரு மணியிலேர்ந்து."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். முதலில் அவர்களுடைய வயிறு குலுங்கியது. அப்புறம் என்னுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாய் திறந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. தாடை நன்றாகவே திறந்தது. இடுப்புதான் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு குத்து குத்தியது. "ஐயோ சிரிக்க வைக்காதீங்க, ஐயோ அம்மா!" என்று அழுதுகொண்டே சிரித்தேன்.

கடைக்காரர் பயந்துபோய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் சம்சாரம் சோற்றுக் கையோடு இறங்கி வந்தாள். ஒல்லியான அம்மா. விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து சம்பந்தியம்மாவின் இரண்டு கையையும் பிடித்து ஒரே இழு! சம்பந்தியம்மா அசையவில்லை. அவள்தான் மெத்தைக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது மூன்று பேர்.

கடைக்காரர் "அய்யோ தேவரே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பொம்பளைகளைத் தொட்டுத் தூக்க அவருக்குக் கூச்சம். தூக்கியிருந்தால் நாலாவது ஆளாக அவரும் சேர்ந்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. படுக்கையில் இருந்து எழ அவள் ஒரு வழி சொல்லியிருந்தாள். நல்ல பக்கமாகச் சாய், திரும்பி முட்டிபோடு, எதையாவது பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் ஊன்று.

"சம்பந்தியம்மா, நான் செய்யற மாதிரியே செய்யுங்க."

"எனக்கு நல்ல பக்கமே இல்லீங்களே!"

"கெட்டதுல நல்லதாப் பார்த்துச் சாயுங்க!"

மெத்தையில் கிடந்த திண்டு இரண்டை அவர்கள் முட்டிக்கு அடியில் கொடுத்தோம். நானும் சாய்ந்து, புரண்டு, நாலு காலில் நின்றேன். முன்னால் இரும்புப் பெட்டி. அதன் கைப்பிடியைப் பிடித்தால் எழுந்துவிடலாம். கடைக்காரருக்கு மட்டும் முகம் கொஞ்சம் வெளுத்தது. பாவம், இரண்டு பொம்பளைகள் தவழ்ந்துகொண்டு பெட்டியை நோக்கி வந்தால் யாருக்குத்தான் வெளுக்காது?

அந்தச் சமயம் பார்த்து ஷட்டருக்குக் கீழே ஒரு தலை நுழைந்தது. யாரோ ஒரு அம்மா, வாடிக்கை போலிருக்கிறது. லட்சுமி படத்துக்கு நேராக இரண்டு பேர் நாலு காலில் நிற்பதைப் பார்த்தாள். உடனே செருப்பைக் கழற்றினாள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன் பூஜே?" என்ன பூஜை என்று மெதுவாகக் கேட்டாள். "பிரசாதம் உண்டா?"

சம்பந்தியம்மா இருந்த நிலையிலேயே கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டினார்கள். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

நான் பெட்டியைப் பிடித்து எழுந்தேன். என்னைப் பிடித்து அவர்கள் எழுந்தார்கள். அவர்களைப் பிடித்துக் கடைக்காரர் சம்சாரம் எழுந்தாள். ரயில் கிளம்புகிற மாதிரி ஒவ்வொரு பெட்டியாக அசைந்தது.

வெளியே வரும்போது சம்பந்தியம்மா சொன்னார்கள்.

"கலா உங்க வீட்டுக்கே வரட்டுங்க. அம்மாவைப் பாத்தாத்தான் அதுக்குத் தெம்பு. ஆனா தனியா விட மாட்டேன், நானும் வந்துருவேன். கொழந்தையக் குளிப்பாட்ட ஆள் வெச்சுக்கலாம். நீங்க குனியாதீங்க, நான் உக்காரல. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பாத்துக்கலாம்."

நான் நடு ரோட்டில் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "அட, வுடுங்க, விழுந்துருவீங்க" என்று என் கையைப் பிடித்து இறக்கினார்கள்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு பேரும் தோளோடு தோள் பிடித்து, ஆளுக்கு ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு இறங்கினோம். எங்கள் வீட்டுக்காரர் திறந்த வாயோடு பார்த்தார்.

"இவங்களுக்கும் தாடையா?" என்றார்.

அடுத்த வாரம் டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். "ஏனம்மா, எலும்பு உடைஞ்சிருந்தா மறுபடி எங்கிருந்து எடுப்பேன்?" என்று நல்ல திட்டு. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு மாதத்துக்குத் தடி. அந்தத் தடியோடு போய்த்தான் வெள்ளித் தாடையை மாரியம்மன் உண்டியலில் போட்டேன்.

கலா வந்தாள். பேத்தி பிறந்தாள். அவளைத் தொட்டிலில் இருந்து எடுக்க என் ஆள் ஒன்று, கீழே விழுந்த துணியை எடுக்க அவர்கள் ஆள் ஒன்று என்று வீடு நிறைய ஆள். பாட்டிகள் இரண்டு பேரும் அதிகாரம் மட்டும் செய்துகொண்டு நின்றோம்.

ஏழாவது மாதம் பேத்தி ஒரு நாள் தானாகவே தரையில் சம்மணம் மாதிரி உட்கார்ந்தாள். வீடே கை தட்டியது.

சம்பந்தியம்மாவும் நானும் மட்டும் ஒரே நேரத்தில் கேட்டோம்: "சரி, எந்திரிக்கத் தெரியுமா?"